வயிற்றெரிச்சல்

விடிவதற்குள் மலாய் நாட்டு மேரு ஊரின் கையுறை ஆலையில் அனல் ஏறிவிட்டது. உலையிலிருந்து வரிசையாக வந்த பீங்கான் கை அச்சுகளில் ஒட்டியிருந்த ரப்பர் உறைகளை, சூடு தணியுமுன் உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள் மாரியாயி. எய்ட்ஸ் பயத்தில் உலகத்து ஆஸ்பத்திரிகளெல்லாம் கையுறை கேட்ட காலம் அது. வரிசை நிற்கவே கூடாது. நகக்கண்ணில் சீழ் வைத்தாலும் லீவு கிடையாது. சூப்பர்வைசர் ராதாகிருஷ்ணன் டப்பாவைத் திறந்து கிருமியைக் கொல்லும் கேப்சூலை நீட்டுவார். மாதக்கணக்கில் விழுங்கியதில் அவள் வயிறு கெட்டது. எதைத் தின்றாலும் தண்ணீராய்ப் போயிற்று.

கழிவறைக்குப் போக வரிசைக்கு ஒரே அனுமதி அட்டை. அதைக் கேட்டால் ராதாகிருஷ்ணன், மாரியாயிக்குப் பக்கத்தில் நிற்பவளைக் காட்டுவார்.

"சீதாலெட்சுமியும் இதே மருந்துதான் சாப்பிடுறா. ஒருநாளாவது அட்டை கேட்டாளா?"

மாரியாயிக்குப் பற்றிக்கொண்டு வரும். வியர்வையிலும் கலையாத கொண்டை, வளையாத முதுகு. அவளுக்கு மட்டும் என்ன இரும்புக் குடலா? பேக்கிங்கில் காற்றாடிக்குக் கீழே காலியான இடம் அவளுக்குத்தான் என்று வேறு பேச்சு. இவளுக்கும் ஒருநாள் வயிற்றைப் பிடுங்கட்டும் என்று மனசாரச் சபித்தாள்.

வயிற்றைக் காட்ட அவள் போன கிள்ளான் கிளினிக்கில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். குடலில் நமக்கு உதவும் கிருமிகளும் கோடிக்கணக்கில் இருக்கின்றன, செரிமானத்துக்கு அவை வேண்டும், இந்த மருந்து கெட்டவற்றோடு அவற்றையும் அழித்துவிடும், டாக்டர் பார்த்துக் கொடுக்காமல் விழுங்கவே கூடாது என்றார். மாரியாயிக்கு ஒரே நினைப்புதான். அப்படியானால் சீதாலெட்சுமி மட்டும் எப்படி? மருந்தைத் திருட்டுத்தனமாகத் துப்புகிறாள். காட்டிக்கொடுத்துவிட வேண்டியதுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் பின்னாலேயே போனாள். ஆலைக்குப் பின்னால் சாக்கடையோரம் சீதாலெட்சுமி தன் சோற்றை நாய்க்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"சாப்பிடலையா?"

"சாப்பிட்டா ஓடணும். வேலை முடியிற வரைக்கும் தண்ணிகூடக் குடிக்கிறதில்ல." சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு, "உன்னைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும் மாரி. திட்டு வாங்கினாலும் அட்டையைக் கேட்டு வாங்கிட்டுப் போற லா. எனக்கு வாய் வரலையே" என்றாள்.

காட்டிக்கொடுக்கும் எண்ணம் மாரியாயிக்கு விட்டுப்போயிற்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள்.

இருவருமாக ஆலை பஸ்ஸில் மற்றவர்களிடம் பேசினார்கள். எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளிவந்தது. அடுத்த வாரம் மருந்து டப்பா வந்தபோது ஒருத்தியும் கை நீட்டவில்லை.

"டாக்டர்கிட்ட அனுப்புங்க. புண்ணு ஆற லீவு கொடுங்க. கழிவறைக்குப் போக அட்டை வேணாம்" என்றாள் மாரியாயி.

"இஷ்டமில்லாதவங்க போகலாம். கேட்டுக்கு வெளியே ஆளுங்க காத்துக் கிடக்குறாங்க" என்றார் ராதாகிருஷ்ணன்.

"அவங்களுக்கும் வயிறு இருக்கு சார்" என்றாள் சீதாலெட்சுமி.

அந்தப் பதில் தனக்குத் தோன்றவில்லையே என்று மாரியாயிக்குச் சுருக்கென்றது. அந்தப் பொறாமையோடேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரிசை நின்றது. பெண்கள் வெளியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். வேலை போகுமா, போலீஸ் வருமா, யாருக்கும் தெரியாது. வெயில் ஏறியபோது பேக்கிங் பகுதிக் கதவு திறந்தது. மலாய்ப் பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

"தெப்பி சிகிட்" என்று, தாங்களும் உட்காரக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னாள் முன்னால் வந்தவள்.

மாரியாயி நகர்ந்து இடம் கொடுத்தாள்.