காவிரியின் முகத்தில் விழுந்த வெளிச்சம்

செந்தாமரை ஏழு மாதம் வரைந்த எண்ணெய் வண்ணப் படம் நீடாமங்கலத்துப் புதுக் கல்யாண மண்டபத்தின் சுவரில் சாய்ந்து நின்றது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மாட்டுவதா, திருப்பி அனுப்புவதா என்று சொல்ல வேண்டியவர் கமிட்டித் தலைவர் தியாகராசன். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த வீடு. ஓவியமும் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

படத்தின் மேல் மூலையில் காகம் கமண்டலத்தைக் கவிழ்த்திருந்தது. அகத்தியர் பதறிப்போய் ஓரமாக நின்றார். கொட்டிய தண்ணீர் படத்தின் குறுக்கே சரிந்து இறங்கி வயலாகப் பரவ, அந்த வயலில் காவிரி குனிந்து முதல் நாற்றை நட்டுக்கொண்டிருந்தாள். கையில் தாமரை இல்லை, நாற்றுக் கட்டு.

இதையெல்லாம் தியாகராசன் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொண்டார். வெளிச்சம்தான் அவருக்கு ஆகவில்லை. காவிரியின் தாடையிலும் மூக்குக்கு அடியிலும் அது பொன்னாக விழுந்திருந்தது. நெற்றி நிழலில் கிடந்தது. தெய்வத்துக்கு வெளிச்சம் மேலேயிருந்துதான் வர வேண்டும், அடியிலிருந்து வந்தால் நாடகத்து அரக்கி முகம் என்றார். மாற்றினால் மாட்டலாம், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போகலாம்.

செந்தாமரைக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மாற்றுவது ஒரு நாள் வேலை. மாற்றிவிட்டால் அது அவள் அம்மாவின் முகமாக இருக்காது. போன குறுவை நடவில் சேற்றில் இறங்கி, அம்மா ரெங்கம்மாளுக்கு எதிரே தானும் குனிந்து பார்த்துப் பிடித்த முகம் அது. ரெங்கம்மாள் முப்பது வருஷம் நட்டது இந்தத் தியாகராசன் வீட்டு வயலில்தான். இப்போது மண்டப வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாத்த மாட்டேங்க," என்றாள் செந்தாமரை. "நீங்க வரப்புல நின்னு பார்த்தவங்க. அங்கேருந்து பார்த்தா எங்க முதுகுதான் தெரியும். குனிஞ்சு நடுறவங்க முகத்துக்கு வெளிச்சம் தண்ணியிலேருந்துதாங்க வருது."

ரெங்கம்மாள் மகளை அடக்க வரவில்லை.

தியாகராசன் வேட்டியை மடித்துக் கட்டி, முட்டியில் கை ஊன்றி, படத்துக்கு முன்னால் மெல்லக் குனிந்தார். எழுபது வயது முதுகு; சிரமப்பட்டுத்தான் வளைந்தது. அப்படியே வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்தார்.

நிமிர்ந்ததும் ஆணி அடிக்கச் சொன்னார். வாசல் பக்கம் திரும்பினார்.

"ரெங்கம்மா, இது நீங்கதானே?"

"ஆமா," என்றாள் ரெங்கம்மாள். "எழுதினது எம் மவ."