மூன்று எண்களுக்கு ஒரு பெயர்

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை பிற்பகல், பழவேற்காடு முகத்துவாரத்தில் ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்தது. அதில் இருந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள்.

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் இருந்த மாலாவுக்கு, முகத்துவாரக் கரையில் நின்று பார்த்த தோழி வேலம்மா போன் செய்து இதைச் சொன்னாள். வாடைக் காற்று ஏறிவிட்டது, மணல்திட்டின் மேல் அலை உடைகிறது, வழியே தெரியவில்லை என்றாள். மாலாவின் கணவர் மோகன்குமாரின் படகு இன்னும் கடலில் இருந்தது. வீடு திரும்ப அந்த வழியாகத்தான் ஏரிக்குள் நுழைய வேண்டும்.

"உள்ள வராதீங்க, தெக்கால கடற்கரையிலயே ஏத்திடுங்கனு சொல்லு. இப்பவே சொல்லு" என்று சொல்லி வேலம்மா போனை வைத்துவிட்டாள்.

மாலா தன் புதுப் போனில் 'நம்ம போட்' என்ற பெயரை அழுத்தினாள். மணி வீட்டுக்குள்ளேயே அடித்தது. சுவரில் தொங்கிய மோகன்குமாரின் சட்டைப் பையிலிருந்து.

படகில் மூன்று பேர். உப்புத் தண்ணீரில் எல்லாருடைய போனும் கெட வேண்டாமென்று, முறை வைத்து ஒருவர் மட்டும் தன் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போவார். யார் முறை என்று மாலா கேட்டுக்கொள்வதில்லை. மூவர் எண்ணையும் 'நம்ம போட்' என்றே போட்டு வைத்திருந்தாள். ஒன்று எடுக்காவிட்டால் அடுத்தது. மற்ற இருவரும் தள்ளியிருக்கும் சுண்ணாம்புக்குளத்துக்காரர்கள்; ஓடிப்போய் வீட்டில் எண் கேட்க முடியாது. இப்போது போனில் ஒரே ஒரு 'நம்ம போட்'தான் இருந்தது.

"மத்த ரெண்டு இன்னாடி ஆச்சு?"

கல்லூரியில் படிக்கும் மகள் சத்யா போனை வாங்கிப் பார்த்தாள். "நான்தாம்மா அழிச்சேன்."

பழைய போனைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கும் முன், எண்களை அவள்தான் தன் லேப்டாப்புக்கு மாற்றினாள். அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். போன் கம்பெனியின் மென்பொருள் அதில் ஏறாததால், எண்களை ஒரே கோப்பாக ப்ளூடூத்தில் எடுத்து, வேறொரு நிரலில் திறந்தாள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, நீக்கவா என்று அது கேட்டது. நைனாவுக்கு மூணு தலையா என்று அம்மாவைக் கிண்டல் செய்துகொண்டே சரி என்று அழுத்தினாள். அப்பாவின் எண் மட்டும் மிஞ்சியது.

மற்ற இருவர் எண்ணும் மோகன்குமாரின் போனில் இருக்கும், ஆனால் அது பூட்டியிருந்தது. பூட்டு எண் அவருக்கு மட்டுமே தெரியும். சத்யா தன் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை. வெளியே கூரைத் தகரம் தடதடத்தது. மாலா வாசலுக்குப் போய் ஏரியைப் பார்த்தாள், உள்ளே வந்தாள், மறுபடி போனாள்.

நிரலில் நீக்கியது நீங்கியதுதான். ஆனால் ப்ளூடூத்தில் வந்த கோப்பு லேப்டாப்பில் அப்படியே கிடந்தது. சத்யா அதை வெறும் எழுத்தாகத் திறந்தாள். எண்கள் தெரிந்தன. தமிழ்ப் பெயர்கள் குறியீடாக மாறி, அவை இருந்த இடங்களில் ஆங்கில எழுத்தும் இலக்கமும் சமக்குறியும் வரிவரியாகக் கிடந்தன.

"இதுல எதும்மா நம்ம போட்? ஒண்ணும் படிக்க முடியல." சத்யா திரையை மேலும் கீழும் ஓட்டினாள்.

"ஒரே பேரைத்தானே மூணு தபா போட்டேன். ஒரே மாதிரி மூணு இருக்குதா பாரு."

இருந்தது. முதல் எண் கையிலிருந்த சட்டைப் பைப் போனுடையது. இரண்டாவது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது நெடுநேரம் அடித்து நின்றது. மாலா மறுபடி அடித்தாள். படகில் இருந்த தேசப்பன் எடுத்தார். காற்றின் இரைச்சலில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

"அண்ணா, உள்ள வராதீங்க" என்று மாலா திரும்பத் திரும்பச் சொன்னாள். இணைப்பு அறுந்தது.

படகு முகத்துவாரத்துக்குத் தெற்கே மணலில் ஏறியது. என்ஜின் விசிறி உடைந்தது. மூன்று பேரும் கரை வழியாக நடந்து, இருட்டும்போது பழவேற்காடு வந்து சேர்ந்தார்கள்.