லைஃப் ஜாக்கெட்டின் நிறம்

1

இந்தக் கதை எங்கள் ஊர் கேமரா கிளப்பில், தேநீர் இடைவேளையில் என் தலையில் விழுந்தது. டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போக வேறு இடம் கிடையாது. லாமிங்டன் கேக்கைக் கடித்துக்கொண்டே ஒரு பெண்மணி சொன்னார்: "கேமராவைக் கறுப்பு வெள்ளைல போட்டு ஒரு மாசமாச்சு. வீட்டுக்காரரக் கலர்லயே பாக்கல, போங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவருடைய கணவர் வாராவாரம் கயாக் துடுப்புப் படகில் கடலுக்குப் போகிறவர். நானோ பயந்தாங்கொள்ளி. (இதை எழுதும் இப்போதும் அவர் கடலில்தான் இருக்கிறார். காற்று திரும்பியிருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: 'ஈயத் தகடாய்க் கிடந்த கடலின் மேல்' – வேண்டாம். பயப்படுகிறவன் கடலை வர்ணிக்க மாட்டான்.

இரண்டாவது: 'மெர்வ் திரும்பி வர வேண்டிய நேரம் தாண்டி' – இது போலீஸ் அறிக்கை.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். ரோவீனா என்று ஒருத்தி, மெர்வ் என்று அவள் கணவன். இருவரும் என் கற்பனை. லாமிங்டன் பெண்மணி அல்ல, சத்தியமாக. சனிக்கிழமை காலை, பனிமூட்டம், படகுத்துறை. மெர்வ் தன் லைஃப் ஜாக்கெட்டை வீட்டில் மறந்துவிட்டு, துறையில் இருக்கும் பொதுப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டுகிறான். அதற்குள் ரோவீனா கேமராவில் கண்ணை வைத்தாயிற்று.

[தெரியாதவர்களுக்கு: டிஜிட்டல் கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்தால், பார்க்கிற ஜன்னலும் சாம்பலாகிவிடும். எடுப்பதற்கு முன்பே நிறம் போய்விடும்.]

"ஜாக்கெட் உனக்குச் சின்னதா இருக்கே மெர்வ்."

"தொப்பை பெருசுன்னு நேராச் சொல்லித் தொலையேன்டி."

"அசையாத. மூக்குல வெளிச்சம் அழகா விழுது."

"மூக்க விட்டுட்டு மனுஷனப் பாரு!"

அவன் போனான். மதியம் காற்று திரும்பியது. அவன் திரும்பவில்லை.

3

சாயங்காலம் ரோவீனாவின் சமையலறையில் போலீஸ்காரப் பெண் ஷெல்லி நிற்கிறாள். துணைக்கு வந்த கிளப் தலைவர் லான்ஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்.

"ரோவீனாக்கா, வடக்குக் கரையில ஒரு லைஃப் ஜாக்கெட் ஒதுங்கியிருக்கு. படகுத்துறைப் பெட்டியில இருந்தது. மஞ்சள். அண்ணன் போட்டிருந்தது மஞ்சளா, சிவப்பா? அவர்துதான்னா படகை வடக்க அனுப்புவோம். இல்லேன்னா தெற்க. இருக்கிறது ஒரே படகு, வெளிச்சம் வேற போகுது."

ரோவீனாவுக்குத் தெரியவில்லை. பார்த்தாள்தான், சாம்பலில் பார்த்தாள். கேமராவை நீட்டினாள். வானம் கறுக்க வேண்டும் என்று லான்ஸ் சொல்லிக்கொடுத்தபடி, கேமராவின் மெனுவில் சிவப்பு ஃபில்டரைப் போட்டு வைத்திருந்தாள். அதில் சிவப்பும் மஞ்சளும் ஒரே வெளுப்பு.

"ரா கோப்பும் சேத்து எடுத்தியா?" என்றார் லான்ஸ். ரா என்பது கேமரா கைவைக்காத மூலக் கோப்பு; அதில் நிறம் அப்படியே உள்ளே இருக்கும். அதனாலேயே எங்கள் கிளப் போட்டியில் அதற்குத் தடை. எடுத்தது எடுத்ததாக இருக்க வேண்டும், பின்னால் சரிசெய்யக் கூடாது.

ரோவீனா தலையைக் குனிந்துகொண்டாள். "எடுத்தேன். எப்பவுமே எடுப்பேன். பயம்."

"அடிப்பாவி! போன மாசம் கப்பு வாங்கினது இப்படித்தானா?" உடனே லான்ஸின் குரல் உடைந்தது. "நல்லவேளை செஞ்ச தாயே. லேப்டாப்ப எடு."

(கப்பைப் பற்றிய வரியை இரண்டு முறை அடித்துவிட்டேன். இந்த நேரத்தில் ஒரு மனிதன் அதைக் கேட்பானா? கேட்பான். பயத்தில் நாக்குக்குக் கடிவாளம் கிடையாது. வரி இருக்கட்டும்.)

4

முடிவு, ஒன்று: சிவப்பு. தெற்குத் தீவின் பாறையில் மெர்வ் குளிரில் நடுங்கியபடி எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறான். மட்டமான முடிவுதான். ஆனால் எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்துச் சந்தோஷப்பட்டேன்.

முடிவு, இரண்டு: மஞ்சள். ரோவீனா அந்த –

முடியவில்லை.

5

ரா கோப்பைத் திறந்தால் முதலில் கேமரா செய்த சாம்பல் படம்தான் வரும். ஒரு வளையம் சுற்றும். பிறகு நிறங்கள் குபுகுபுவென்று ஏறும். கஷ்டப்பட்டு எடுத்த கறுப்பு வெள்ளை போயிற்றே என்று நாங்கள் வழக்கமாகச் சலித்துக்கொள்கிற கணம் அது.

வளையம் சுற்றியது. ரோவீனா சட்டென்று உள்ளங்கையைத் திரையின் மேல் வைத்தாள். ஜாக்கெட் மறைந்தது. கைக்கு மேலே மெர்வின் முகத்தில் நிறம் ஏறியது. குளிரில் சிவந்த மூக்கு, நீலக் கண்கள், தாடையில் அவசரத்தில் வெட்டிக்கொண்ட புதுக் காயம். காயத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"கைய எடுங்கக்கா," என்றாள் ஷெல்லி. "படகு காத்துக்கிட்டிருக்கு."

எடுக்க வேண்டும். எனக்கும் தெரியும். நான் எழுதாத ஒவ்வொரு நிமிடமும் வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தக் கையை எடுக்க அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. நீங்கள் அவளை அறியாதவர்கள், உங்களால் முடியும். தயவுசெய்து நீங்கள் எடுங்கள். சீக்கிரம்.