அறுபதில் நின்ற கை

அன்று காலையிலிருந்து அழகுமலைக்கு வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை. மனைவி மூக்காயிக்குக் கம்பங்கூழைக் கரைத்து ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தான் குடிக்கப் பார்த்தான். இரண்டு மடக்கோடு சட்டியைக் கீழே வைத்துவிட்டான். பரீட்சை என்னவோ அவளுக்குத்தான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத அந்த மனுஷன், ஐம்பது வயதில் பரீட்சை பயம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த மூக்காயி அப்படியே சரிந்து விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, வாய் கோணிக்கொண்டது. வாய் நேரானது, காலும் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்குத் திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. விரல் ஐந்தும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. இடது கையால் சோறு தின்ன அவள் மனம் ஒப்பவில்லை. புருஷன்தான் ஊட்டினான். ஊட்டும்போது கண்ணை மூடிக்கொள்வாள். நாலு வாய் போனதும் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பசி போய்விட்டதா, வெட்கம் பசியைத் தின்றுவிட்டதா என்று அழகுமலைக்குப் புரியவில்லை. நாற்பத்திரண்டு வயது உடம்பு காய்ந்த கொடியாகிவிட்டது.

திருக்கோகர்ணத்தில் புதிதாகத் திறந்திருந்த தர்ம ஆஸ்பத்திரியில் கரண்டுப் பெட்டி வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். இது 1961ஆம் வருஷக் கதை. அழகுமலையின் ஊருக்கு அப்போது கரண்டே வரவில்லை. சித்தன்னவாசல் விலக்கில் பஸ் ஏறி, மூக்காயியைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிப் போனான்.

ரேடியோ அளவுக்கு ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர். வயரின் நுனியில் நனைத்த துணிப்பட்டை. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வீரய்யா என்ற ஒல்லியான ஆள் பட்டைகளை அவள் முன்கையில் கட்டிக் குமிழைத் திருகினார். மடங்கிக் கிடந்த விரல்கள் தாமாகவே விரிந்தன. திருகுவதை நிறுத்தினார், மறுபடி மடங்கின. விரிந்த அந்த உள்ளங்கையைப் பார்த்து, நாலு பேர் இருக்கிறார்களே என்றும் பாராமல் அழகுமலை அழுதுவிட்டான்.

வாரம் இரண்டு நாள் கரண்டு. மாதம் ஒரு தடவை அளவு. அளவெடுப்பது டாக்டர் சிவசாமி. கெட்டிக்காரர், முன்கோபி. இரண்டு தகடுகளை ஒரு ஆணியில் கோத்தது போன்ற கருவி ஒன்று வைத்திருந்தார். ஆணியைச் சுற்றி வட்டமாக எண்கள். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்வார். கை தொங்கினால் சுழியம், தோள் மட்டத்துக்கு வந்தால் தொண்ணூறு, காதை ஒட்டி நேரே நின்றால் நூற்றெண்பது. எது வந்ததோ அதை நோட்டில் எழுதிக்கொள்வார்.

மூக்காயிக்கு முதல் மாதம் அறுபது. இரண்டாம் மாதமும் அறுபது. மூன்றாம் மாதமும் அறுபது என்றதும் டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

"தோளே எந்திரிக்கலைன்னா விரலுக்குக் கரண்டு குடுத்து என்னய்யா பிரயோஜனம்? கை வாய்க்குப் போக வேணாமா? அடுத்த மாசம் தொண்ணூறைத் தொடலைன்னா நிப்பாட்டிர வேண்டியதுதான். வெளியில எத்தனை பேர் காத்துக்கெடக்காங்கன்னு பாத்தீல்ல."

"ஆகட்டுங்கய்யா" என்றான் அழகுமலை. டாக்டரிடம் அவனுக்கு வரும் ஒரே வார்த்தை அதுதான். மாட்டுத்தரகனிடம் அரை நாள் மல்லுக்கட்டுகிற வாய், அந்த வெள்ளைச் சுவருக்குள் நுழைந்தால் பூட்டிக்கொள்ளும்.

இதில் விசேஷம் என்னவென்றால், வீட்டில் அந்தக் கை மேலே ஏறியது.

டாக்டர் சொன்னபடி கிணற்று ராட்டினத்தைக் கழற்றி வந்து உத்தரத்தில் கட்டியிருந்தான். கயிற்றின் ஒரு நுனி நல்ல கையில், மறு நுனி விழுந்த கையில். ஒன்று இழுக்க ஒன்று ஏறும். தினமும் விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நூறு தடவை இழுத்தாள். பத்து நாளாகக் கயிறு இல்லாமலே கை ஏறியது. சுவரில் அவள் தோள் மட்டத்துக்குக் கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான். கை கோட்டைத் தாண்டியது. முந்தாநாள், தலைக்கு மேலே உறியில் தொங்கிய மோர்ச்சட்டியை மடங்கிய விரலால் இடித்துக் காட்டினாள். சட்டி ஆடி மோர் அவன் தலையிலேயே சிந்தியது. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அழகுமலைக்குப் பயம் வந்துவிட்டது.

"இங்க இம்புட்டு ஒசரம் போகுதே, அங்கிட்டு மட்டும் ஏன் புள்ள வரமாட்டேங்குது?"

"வரலை" என்றாள்.

"கரண்டுக்குப் பயமா?"

"அதெல்லாம் இல்லை."

"பெறகு என்ன?"

அவள் உறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவளைத் துருவ அவனுக்கு மனம் வரவில்லை. ராத்திரியெல்லாம் தானே ஒவ்வொன்றாக யோசித்தான். பஸ்ஸில் குலுங்கி வருவதால் கை அசந்து போகிறதோ? ஆஸ்பத்திரி வாடை ஆகவில்லையோ? அந்தத் தகட்டிலேயே ஏதாவது கோளாறோ? டாக்டரின் தகட்டைச் சந்தேகப்பட்டதற்குக் காலையில் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

நாலாம் மாத அளவுக்குப் பஸ்ஸில் போகும்போது அவளுக்குச் சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, குலுங்காமல் இருக்கத் தோளை அணைத்துப் பிடித்தபடியே வந்தான். ஆஸ்பத்திரி வாசலில், "கோட்டை நெனச்சுக்க. நம்ம வீட்டுச் சுவருன்னு நெனச்சுக்க" என்றான். அவள் தலையாட்டினாள். அவள் உதடு காய்ந்திருந்தது.

உள்ளே அதே மாதிரிதான் எல்லாம். முதுகில்லாத முக்காலி. அதற்கு இடது பக்கம் சுவரில் பதித்த இரும்புக் கம்பி. அளவெடுக்கும்போது நல்ல கையால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் ஆட்கள் உடம்பைச் சாய்த்து, கை ஏறிய மாதிரி காட்டிவிடுவார்களாம். கதவு திறந்தே கிடந்தது. முறைக்குக் காத்திருந்த இரண்டு ஆண்கள் நிலைப்படியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகுமலை மரியாதைக்குத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான்.

"ம், தூக்கும்மா."

கை கிளம்பியது. முப்பது. நாற்பது. ஐம்பது. அழகுமலை தகட்டையே பார்த்தான். போன மூன்று தடவையும் அதைத்தான் பார்த்தான். எண் படிக்கத் தெரியாது, ஆனாலும் தகடு எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவனுக்கு மனப்பாடம். அறுபதில் கை நின்றது.

"இன்னும் தூக்கு."

நின்றது நின்றதுதான். டாக்டர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சைக் கேட்கச் சகிக்காமல் அழகுமலை தகட்டிலிருந்து கண்ணை எடுத்தான். அப்போதுதான் அவளுடைய இடது கையைப் பார்த்தான்.

இடது கை கம்பியை விட்டுவிட்டு மார்புப் பக்கம் வந்துகொண்டிருந்தது. வீரய்யா அதைப் பிடித்து, "கம்பியை விடக்கூடாதும்மா" என்று மறுபடி கம்பியில் வைத்தார். அது மறுபடி வந்தது. வலது அக்குளில் இடுக்கியிருந்த முந்தானை அரை விரற்கடை நழுவியிருந்தது. கை இன்னும் கொஞ்சம் ஏறினால் முந்தானை மொத்தமாக விழுந்துவிடும்.

மூக்காயிக்கு ரவிக்கை கிடையாது. அவள் வயதுப் பெண்கள் யாருக்கும் அந்தப் பக்கம் அப்போது கிடையாது. முந்தானையைச் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டால் நாள் பூராவும் நகராது. களை எடுப்பாள், நாற்று நடுவாள், தண்ணீர் தூக்குவாள். இத்தனை வருஷமாக அப்படியே பார்த்த கண்ணுக்கு அது ஒரு சங்கதியாகவே படவில்லை. மூன்று மாதமாகத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேனே, மாட்டுக்குப் புண் எங்கே இருக்கிறதென்று தூரத்திலிருந்தே சொல்லுகிறவன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லையே என்று அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

டாக்டர் நோட்டைத் திறந்தார்.

"அய்யா, எழுதிராதீங்க."

அறையில் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கே அது தன் குரலா என்று சந்தேகமாக இருந்தது.

"என்னய்யா?"

வாய் பூட்டிக்கொள்ளப் பார்த்தது. மனைவியின் மானத்தை நாலு ஆம்பளைகள் நடுவில் எப்படி எடுத்துச் சொல்வான்? சொல்லாவிட்டால் அவள் கை போகும். இடுப்புத் துண்டை அவிழ்த்தான். அவளுக்கு முன்னால் போய் நின்று, துண்டை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து மார்புக்கு மேலே இறுக்கி முடிந்தான். நிலைப்படியில் நின்ற இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

"அவளுக்கு ரவிக்கை இல்லீங்கய்யா" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. "இப்பப் பாருங்க."

டாக்டர் தகட்டை மறுபடி தோளில் வைத்தார். கை கிளம்பியது. அறுபதில் நிற்கவில்லை. எழுபது. எண்பது. தொண்ணூறில் கொஞ்சம் தடுமாறியது. கை தாண்டியது. நூற்றிருபதில் போய் நடுங்கிக்கொண்டு நின்றது.

டாக்டர் தகட்டைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை எடுத்தார். எழுதுவார் என்று அழகுமலை காத்திருந்தான். அவர் பக்கங்களைப் பின்னால் புரட்ட ஆரம்பித்தார்.

"வீரய்யா, இந்தச் செவந்தி, குடுமியான்மலை. அறுபத்தஞ்சுல நின்னுச்சே. ரவிக்கை போட்டிருந்துச்சா?"

"எங்கிட்டுங்கய்யா. அந்த வயசுல யாரு போடுறா."

"சின்னப்பிள்ளை? அறுபது."

வீரய்யா இல்லையென்று தலையசைத்தார்.

"அழகி. அம்பத்தஞ்சு. இருளாயி. அறுபது."

இதற்கு வீரய்யா தலையைக்கூட அசைக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் சிவப்பு மையில் ஒரே வார்த்தை எழுதியிருந்தது. அழகுமலைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை என்னவென்று விளங்கிவிட்டது. அவர்கள் எல்லோரும் வீட்டில் யாரோ ஊட்ட, கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருப்பார்கள். டாக்டரின் விரல் அந்தப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் முகத்தில் இப்போது கோபம் இல்லை. அதைப் பார்க்கத்தான் அழகுமலைக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூக்காயி கையை இறக்கவில்லை. இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கை தோளிலிருந்து விரல் வரைக்கும் உதறியது, நெற்றியில் வியர்வை வழிந்தது.

"எறக்கு புள்ள, போதும்" என்றான் அழகுமலை.

"இங்கேருங்க, எழுதிட்டாரா?"

அவன் டாக்டரின் பேனாவைப் பார்த்தான். அது மூடியே இருந்தது.

"இன்னும் இல்லை."

"எழுதச் சொல்லுங்க" என்றாள் மூக்காயி. "அதுக்கப்புறம் எறக்குறேன்."