குழாய் முழுக்க மஞ்சள்

பதினாறு வரவேண்டிய இடத்தில் மூன்று வாரமாக எண்பது வந்துகொண்டிருந்தது. சோடியம் ஆவியை லேசர் துடிப்பால் தூண்டினால், அது உமிழும் மஞ்சள் ஒளி பதினாறு நானோ நொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தணிய வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்க் கல்லூரி ஆய்வகத்தில் மட்டும் அது அடங்க மறுத்தது. நாளைக் காலை கருத்தரங்குக்குக் கட்டுரை தபாலில் போகிறது. அதற்குள் எண் சரியாகாவிட்டால் பத்மாசினியின் பகுதியை வெட்டிவிடுவதாக அவளுடைய வழிகாட்டி சொல்லிவிட்டார். வெட்டினால் நான்கு வருட உழைப்புக்குக் காட்ட ஒன்றுமில்லை.

கண்ணாடிக் குழாயில்தான் கசடு என்று முடிவுகட்டி, அதை ஊதிக்கொடுத்த மண்ணூர் விளக்குத் தொழிற்சாலைக்குச் சொல்லியனுப்பினாள். ஷிஃப்ட் முடிந்த கையோடு, குழாயை ஊதிய யாக்கோபே வந்து நின்றான். அவள் வயதுதான் இருக்கும்.

"இன்னா மேடம், என் டியூப்ல குப்பைன்னீங்களாமே?"

"கோச்சுக்காதீங்க. நீங்களே பாருங்க."

திரையை இழுத்துவிட்டு, குழாயைச் சூடாக்கும் அடுப்பின் பக்கவாட்டுத் துளையைக் காட்டினாள். குனிந்தவன் நிமிரவில்லை.

"லேசரு நூலாட்டம்தானே போவுது? குழா முழுக்க ஏன் மஞ்சளா கீது?"

"கண்ணாடியில பட்டுச் சிதறுது."

"அப்டீன்னா ஓரந்தான் மின்னும். இது நடுவுல, மூலையில, எங்கியும் கீது." சட்டென்று சிரித்தான். "எங்க டெஸ்டிங்ல புதுசா வர்றவன் ஒரு தப்பு பண்ணுவான். அணைச்ச சோடியம் லேம்ப சூட்டோட எடுத்து, எரியற இன்னொரு சோடியம் லேம்ப் முன்னால புடிப்பான். உள்ள கரி புடிச்சாப்புல தெரியும். உடனே ரிஜெக்ட்! ஆறினப்புறம் பாத்தா பளிங்கு. நானே பதினோரு லேம்ப உடைச்சிகினு திட்டு வாங்கினேன்."

பத்மாசினிக்குப் பொறிதட்டியது. அந்த லேம்பில் தெரிந்தது கரியில்லை. உள்ளேயிருந்த சோடியம் தன் நிற ஒளியைத் தானே விழுங்கியிருக்கிறது. இந்தக் குழாயிலும் அதேதான். ஓர் அணு விழுங்கியதை உமிழும். பக்கத்து அணு பிடித்துக்கொள்ளும். அது உமிழ, இன்னொன்று பிடிக்கும். அந்த நெரிசலில் கைமாறிக் கைமாறி, குழாயெங்கும் பரவி, ஒளி வெளியேறவே நேரமாகிறது. சூடு கூடக்கூட ஆவியும் அடர்த்தியாகும். நெரிசலை உண்டாக்கியது யார்? வெளிச்சம் பளிச்சென்று வரட்டும் என்று அடுப்பை நூற்றெண்பது டிகிரிக்கு ஏற்றிவைத்தது அவளேதான்.

"யாக்கோபு, உங்க டியூப் சுத்தம்!" என்று கூவிக்கொண்டே சூட்டைக் குறைத்தாள்.

அடுப்பு ஆற ஆற, ஒளி தணிவதை வரைந்துகாட்டும் அலைக்காட்டியின் கோடு சுருங்கியது. ஐம்பத்திரண்டு. முப்பத்தொன்று. மஞ்சள் மூட்டம் விலகி, லேசரின் பாதை மட்டும் மங்கிய இழையாக நின்றது. யாக்கோபு கிரிக்கெட் ஸ்கோர் போல ஒவ்வொரு எண்ணையும் கத்தினான். நூற்றுப்பத்து டிகிரியில் பதினாறு.

"முடிஞ்சிடுச்சில்ல? ஏன் மேடம் மறுபடி ஏத்தறீங்க?"

"எண்பதும் நிஜந்தான். எந்தச் சூட்டுல ஒளி எவ்வளவு நேரம் மாட்டிக்குதுன்னு வரிசையா எடுத்தா அதுவே தனிக் கட்டுரை." தட்டச்சு செய்த பக்கத்தில் எண்பதை அடித்துப் பதினாறு என்று எழுதிவிட்டு, வரைபடத் தாளை எடுத்தாள். "இதைவிடப் பருமனா ஒண்ணு ஊதித் தருவீங்களா? அதுல இன்னும் நேரமாகணும்."

யாக்கோபு சட்டைப்பையிலிருந்து பென்சிலை உருவினான்.

"எத்தினி இஞ்ச்?"