முன்னாடி பேட்டரி

கேபிள் முனையில் ஒட்டியிருந்த கரியைக் காயில்காரர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாளாகியும் கரி விட்டபாடில்லை. முந்தின நாளிலிருந்து விடாத மழை. கொட்டகைத் தகரத்தில் அது விழும் சத்தத்தில் தன் மூச்சுகூட அவருக்குக் கேட்கவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டியே முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர். செம்புக்கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, அது எத்தனை கனம் என்று சொல்லிவிடுவார். அந்தக் கை இப்போது ஒரு நட்டை முடுக்குவதற்குள் மூன்று தடவை நழுவியது.

வண்டியைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார். இரும்புக்குழாய்ச் சட்டம், மேலே ஃபைபர் கூடு, அவ்வளவுதான். மோட்டார் பொருத்துவதற்காகப் பெட்ரோல் எஞ்சினை இறக்கி வைத்த அன்று அவர் மனைவியின் தம்பி, வெல்டிங் பட்டறைக்காரன், ஒரு பக்கத்தை ஒற்றை ஆளாகத் தூக்கிக் காட்டினான்.

"மாமா, இது காரா, சோப்பு டப்பாவா? காத்தடிச்சா இதுவே நம்மளத் தேடி வீட்டுக்குள்ள வந்துரும்."

"கனமில்லாம இருந்தாத்தான் மச்சான் மேடு ஏறும். உன்ன மாதிரி இருந்தா பாதி வழியிலேயே படுத்துரும்."

மேடுதான் எல்லாவற்றுக்கும் காரணம். வீடு ஒரு களிமண் சரிவின் உச்சியில் இருந்தது. மழை பிடித்துக்கொண்டால் எந்த வண்டியும் ஏறாது. ஆம்புலன்ஸ்காரர்கள் கீழேயே நின்று போன் செய்வார்கள். அவர் மனைவிக்கோ வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். போன மழைக்காலம் முழுக்க அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாமனும் மச்சானுமாகத் தூக்கி இறக்கினார்கள். ஒருநாள் வழுக்கி மூன்று பேரும் சேற்றில் உருண்டார்கள். முழங்கையில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே தம்பி சொன்னான், அக்காவுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வேண்டும் என்று. முன்சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், அதற்கொரு பேட்டரி. பின்சக்கரங்களுக்கு இன்னொரு மோட்டார், இன்னொரு பேட்டரி. ஒன்று மக்கர் செய்தாலும் மற்றது அவளை ஆஸ்பத்திரி சேர்க்குமே என்று அப்படிப் பிரித்து வைத்தவர் காயில்காரர்தான். வயர் விஷயம் மொத்தமும் அவர் பொறுப்பு; அவர் சொல்வதைத் தம்பி செய்வான்.

பன்னிரண்டு நாளுக்கு முன்பு, அந்த மத்தியானம் அவர் கொட்டகையின் மறுகோடியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றும்போது எண்ணிக்கை தப்பினால் அத்தனையும் பாழ். வண்டியின் பின்னாலிருந்து தம்பி குரல் கொடுத்தான்.

"மாமா, இந்தப் பின் மோட்டார் கேபிள மாத்திரட்டுமா?"

"முன்னாடி பேட்டரியக் கழட்டிரு!" என்று தலை நிமிராமல் கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்.

முதலில் பேட்டரியைக் கழற்று, அப்புறம் கேபிளைத் தொடு என்பது அவர் நினைப்பு. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேருக்கு இப்படித்தான் சொல்லியிருக்கிறார். தம்பி எழுந்து வண்டியின் முன்பக்கம் போனான். மூடியைத் திறந்து, முன்பக்கத்துப் பேட்டரியைக் கழற்றினான். சொன்னதைச் செய்துவிட்ட நிம்மதியோடு திரும்பி வந்து பின்னால் குனிந்தான். பின்பக்கத்துப் பேட்டரி கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டது. தினமும் கறுப்புக் கண்ணாடி வழியாகவே நெருப்பைப் பார்த்துப் பிழைத்தவன், அன்று வெறுங்கண்ணால் பார்த்தான்.

வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கண்ணைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

சொல்லியும் கேட்காமல் கை வைத்துவிட்டானே என்றுதான் காயில்காரர் முதல் இரண்டு நாள் மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவன் வாய் திறந்தான்.

"நீங்க சொன்னபடி முன்னாடி பேட்டரியக் கழட்டிட்டுத்தானே மாமா தொட்டேன்? அப்புறம் எப்படி?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒரே ஒரு சொல். ஆனாலும் வாய் தன்பாட்டுக்குப் பேசிற்று.

"வண்டியில ஏதோ கோளாறு மச்சான். நீ என்ன பண்ணுவே."

தம்பி இடது கையால் துழாவி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, நீ அதுல ஏறக் கூடாது. என்மேல சத்தியம் பண்ணு." அவளும் பண்ணிவிட்டாள்.

நேற்று போயிருக்க வேண்டிய டயாலிசிஸ் மழையில் தவறிப்போயிற்று. இன்று காலையில் அவள் முகம் உப்பி, கண் கோடாக இடுங்கிவிட்டது. அவர் கடைசி நட்டை முடுக்கி, சரிவில் ஒருதரம் இறங்கி ஏறிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"வண்டி தயார். கிளம்பு."

தலையணைகளில் சாய்ந்திருந்தவள் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினாள். "ஏங்க, அவனுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன். கோளாறு உள்ள வண்டியில ஏறச் சொல்றீங்களா?"

"சரி பண்ணிட்டேன்."

"என்ன கோளாறுன்னே பிடிபடலன்னு முந்தாநாள்கூட அவன்கிட்ட சொன்னீங்க. பிடிபடாதத எப்படி சரி பண்ணுனீங்க?"

அவர் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்தார். அவள் பாதத்தைப் பிடித்தார். விரல் அழுந்திய இடத்தில் விழுந்த குழி மேலே வரவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோளாறு வண்டியில இல்ல. என் வாயில."

எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை.

"என் கை எங்கக்கா தப்பு பண்ணுச்சுன்னு அவன் தெனமும் கேக்கறான். நீங்களும் பக்கத்துலதான் நிக்கறீங்க."

"ஆமா."

"நின்னுக்கிட்டு…"

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "தூக்குங்க."

வண்டி இறங்கியது. களிமண்ணில் நாலு சக்கரமும் பல்லைக் கடித்தாற்போலப் பிடித்துக்கொண்டன. துளிகூட வழுக்கவில்லை. அத்தனை நன்றாக அது ஓடியதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் கதவோரக் குழாயில் தம்பி வைத்த வெல்டிங் பற்றைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். இன்னைக்கே."

ஆஸ்பத்திரியில் அவளை மெஷினோடு இணைத்தார்கள். நாலு மணி நேரம் ஆகும். அவர் மாடிப்படி ஏறினார். செருப்பில் அப்பிய களிமண் படிக்குப் படி ஒட்டிப் பிரிந்தது. தம்பி படுத்திருந்த வார்டு வாசலில் கால் நின்றுவிட்டது.

கட்டுப் போட்ட முகம் வாசல் பக்கம் திரும்பியது.

"மாமாவா? நடந்து வர்ற சத்தத்துலயே தெரியுது, யானை வர்ற மாதிரி. இந்த மழையில அக்காவ எப்படி மாமா இறக்குனீங்க?"

அவர் வாசலைத் தாண்டிக் கட்டிலருகே வந்தார். தம்பி முழங்காலை மடக்கிக்கொண்டு, அவர் உட்காரக் கட்டிலில் இடம் விட்டான். அந்த இடத்துப் போர்வைச் சுருக்கத்தை இடது கையால் மெல்ல மெல்ல நீவிக்கொண்டிருந்தான்.