கோப்பி தூங்கிய இடம்

"நாயத் தொட மாட்டேன்டுதான் சொன்ன. தேட மாட்டேன்டு சொல்லல்லயே," என்றாள் இன்ஷிரா.

"கெடைச்சா யாரு தூக்குறது?"

"நீதான். நான் பின்னால நின்டு சத்தம் போடுற."

ஆட்டோவை ஓட்டிக்கொண்டிருந்த தனபாலன் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல ஜோடிதான். இவளுக்கு நாயக் கண்டா பயம். சுகிர்தா, உன்னக் கண்டா நாய்க்குப் பயம்."

இன்ஷிரா அவருடைய சீட்டைத் தட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது உண்மை.

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் அடிபட்டுக் கிடந்த கோப்பியை, தெருநாய்களைக் காப்பாற்றும் பிள்ளைகள் சிலர் எடுத்துக் குணமாக்கி என்னிடம் தந்தார்கள். ஹந்தானை வீதியில் என் வாடகை அறைக்கு வந்த நாளிலிருந்து அவன் கட்டிலுக்கு அடியில்தான் வாழ்ந்தான். நான் தூங்கிய பிறகே சாப்பிடுவான். கரண்டி விழுந்தாலும் உடம்பெல்லாம் நடுங்கும். பெரஹரா என்ற யானை ஊர்வலம் தொடங்கும் வெடி மலையில் மோதித் திரும்பிய மாலையில், கம்பிக் கதவின் இடுக்கால் பாய்ந்து போய்விட்டான்.

இன்ஷிரா என்னோடு மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். அலவத்துகொடையில் அவள் வீட்டு முற்றத்தில் நாய் நடந்தாலே உம்மா இடத்தைக் கழுவ வாளியோடு வந்துவிடுவார். ஆனாலும் லீவு போட்டுவிட்டு வந்தாள். அமைதியான இடங்களாகப் பார்த்துத் தேடினோம். பைன் காடு, மையவாடி இடுகாட்டு மதிலின் பின்புறம், பாலத்தடி. சத்தத்துக்குப் பயந்தவன் வேறெங்கே போவான்?

தனபாலன் அண்ணனின் மச்சான் யானைகளுக்குத் தீனி ஓலை ஏற்றுகிறவன்; கோப்பியுடையதைப் போல நீலக் கழுத்துப்பட்டி கட்டிய மண்ணிற நாயொன்றைப் பார்த்தானாம். எங்கே என்று சொன்னபோது நான் நம்பவில்லை. ஆனாலும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தோம்.

இன்று கடைசி ஊர்வலம். வெடியும் சாட்டையும் நூறு மேளமும் இன்னொரு தடவை அவன் காதில் விழுந்தால், அடுத்து எந்த வீதிக்கு, எந்த வண்டிச் சில்லுக்குக் கீழே ஓடுவானோ.

ஏரிக்கரை வளவில், மரத்துக்கு மரம் யானைகளைக் கட்டியிருந்தார்கள். கித்துள் பனை மட்டையின் பச்சை வாசனையும் சாணியின் சூடும் ஒன்றாக எழுந்தன. கடைசி மரத்தடியில் நின்ற ஆண் யானை மற்றவற்றைவிட உயரம். அதன் தந்தங்கள் கிட்டத்தட்ட நிலத்தைத் தொட்டன.

முன்கால் இரண்டுக்கும் நடுவில் கோப்பி படுத்திருந்தான்.

மல்லாந்து படுத்திருந்தான். அவன் வயிற்றில் வெள்ளையாக ஒரு திட்டு இருப்பதை அப்போதுதான் கண்டேன். இத்தனை காலம் என்னோடு இருந்தும் அவன் ஒருநாளும் அதைக் காட்டியதில்லை. அவன் தோலில் நடுக்கம் இல்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

"அல்லாஹ்வே," என்றாள் இன்ஷிரா மெதுவாக. சத்தம் போட வந்தவள் அதை மறந்துவிட்டாள்.

பாகன் ஓலைக் கட்டின்மேல் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "நங்கி, உங்கட நாயா?" என்று, தங்கச்சியிடம் பேசுவதுபோல் சிங்களத்தில் கேட்டார். "வெடி போட்ட ராத்திரி வந்து நுழைஞ்சது. துரத்தப் போனேன். இவர் தும்பிக்கையால என்னைத் தள்ளிட்டார். அதுக்குப் பிறகு நாய் தூங்கினால் இவர் முன்காலை அசைக்கிறதே இல்ல. மரத்துப்போனாலும் அசைக்கிறதில்ல."

"சின்னப் பிள்ளைகள யானை வயித்துக்குக் கீழால விடுவாங்க, பயம் போக," என்றாள் இன்ஷிரா. "வாப்பா என்னையும் விட்ட. உம்மாக்குத் தெரியா."

"போச்சா?"

"நாய்ப் பயம் மட்டும் மிச்சம்."

கோப்பியை அப்படி யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஊரே அதிர்ந்த இரவில், அத்தனை கால்களையும் தாண்டி, தானாகவே வந்து இதற்கடியில் படுத்திருக்கிறான்.

"கடைசி ஊர்வலத்துக்கு மட்டும்தான் இவர் போறவர். இன்னும் கொஞ்சத்தில் இவரைக் குளிப்பாட்டணும், ஊர்வல உடுப்புப் போடணும்," என்றார் பாகன். "நாய் வெளியே வரணும். நான் எடுக்க முடியாது, விடமாட்டார். நீங்களே கேளுங்க."

"யாருட்ட?"

அவர் மேலே கையைக் காட்டினார்.

இன்ஷிரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே என்னோடு இரண்டடி நடந்தாள், நாயிருக்கும் பக்கம்.

ஏதோ ஒன்று செருப்பு வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து நின்றது. காதுக்குக் கேட்காத முழக்கம். யானைக்குள்ளிருந்து வந்தது அது. கோப்பி ஒவ்வொரு இரவும் அதை உணர்ந்துதான் தூங்கியிருக்கிறான். அதன் முன்னால் என் சின்ன அறையும் சாப்பாட்டுத் தட்டும் கட்டிலடியும் எம்மாத்திரம்?

அண்ணாந்து பார்த்தேன். சுருக்கங்களுக்கு நடுவே ஈரமாக ஒரு கண், மிகவும் மெதுவாக என்மேல் இறங்கியது. பாகனின் சிங்களத்தில் கேட்க நினைத்தேன். தமிழ்தான் வந்தது.

"ஐயா, நீங்க இப்ப ஊர்வலம் போயிருவீங்க. திரும்பவும் வெடி போடுவாங்க. அவன் தனியா நிப்பான். நான் உங்க மாதிரி பெருசு இல்ல, எனக்கும் பயம்தான். இருந்தாலும் அவனைக் கொஞ்சம் என்கூட அனுப்பி வைக்கிறீங்களா?"